மூன்று பேருக்கு ஒன்றாம் நம்பர்

நான் பிறந்ததிலிருந்து இன்றுவரை சத்தம் போட்டுப் பேசியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நானே செய்த ஒரு கூத்தால் வந்த வினை. அதை ஒளித்து வைத்தும் பயனில்லை. எங்கள் பக்கத்து நான்கு ரைஸ் மில்களுக்கும், என் சம்பந்தி வீட்டுக்கும், சிங்கப்பூரில் என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஐந்து பேருக்கும் அது தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருப்பானேன்?

என் பெயர் பாக்கியம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவே ஒரு ரைஸ் மில்லில் முப்பது வருடமாக நெல் காயவைக்கும் களத்தில் வேலை. (களத்து வேலையில் ஒரு சௌகரியம், நெல் நம்மிடம் கேள்வி கேட்காது.) எனக்குக் கூச்சம் அதிகம். எதிரே ஆள் வந்தால் தலை தானாகக் குனிந்துவிடும். அதனால் எனக்கு யாருடைய முகமும் சரியாகத் தெரியாது, கால்கள்தான் தெரியும். முதலாளிக்கு இத்தனை வருடமும் தலையாட்டித்தான் பதில் சொல்லியிருக்கிறேன். நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, யாரிடமோ தண்ணீர் கேட்டதைப் பார்த்து, "அட, இந்தம்மாவுக்குப் பேச்சு வருமா?" என்று அவர் ஆச்சரியப்பட்டாராம்.

என் மருமகள் கார்த்திகா எனக்கு நேர் எதிர். கம்ப்யூட்டர் படிப்பு, சென்னையில் கம்பெனி வேலை, பேச்சு மடை திறந்த மாதிரி. என் மகன் சிங்கப்பூர் போனபோது, ஆறு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. எங்கள் மில்லுக்கு ஒரு புரோகிராம் எழுதினாள்.

மில்லில் அறுவடை நேரத்துச் சண்டை எப்போதும் ஒன்றுதான்: யார் முதலில் வந்தது? ரோட்டுப் பக்கம் முன்வாசல் வழியாக டிராக்டர் வரும். வாய்க்கால் கரைப் பக்கம் பின்வாசல் வழியாக மினி லாரி வரும். போனிலும் பதிந்துகொள்வார்கள். ஆனால் நெல்லை இறக்கும் கொட்டகை ஒன்றே ஒன்று. கார்த்திகாவின் புரோகிராம், எந்த வழியாக வந்தாலும் எல்லாரையும் ஒரே வரிசையில் கோத்து நம்பர் சீட்டு கொடுக்கும். கொட்டகைக்கு மேல் தொங்கும் பலகையில் அடுத்த நம்பர் எரியும்.

முதலாளி ஒரு கெடு வைத்தார். "சம்பா அறுப்பு முதல் வாரம் சிக்கல் இல்லாம ஓடட்டும்மா. ஓடுச்சுன்னா என்னோட மத்த மூணு மில்லுக்கும் நீயே எழுதிக் கொடு. இல்லேன்னா பழையபடி நோட்டுப் புத்தகம்தான்."

அது முதலாளிக்கு ஒரு வாரம். எனக்கு அது அப்படி இல்லை. அந்த வேலை கிடைத்தால் கார்த்திகா இங்கேயே இருந்துவிடுவாள். கிடைக்காவிட்டால் மாதம் பிறந்ததும் சென்னைக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், பேத்தியையும் கூட்டிக்கொண்டு. நான், வீடு, சுவர்க்கடிகாரம் மூவரும் மட்டும் மிச்சம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. (சொல்லக்கூடிய ஆளா நான்?)

ஆறு நாள் பிசகில்லாமல் ஓடியது. ஏழாம் நாள் காலையில் கார்த்திகாவின் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் கண் ஆபரேஷன். அவள் கூட இருந்தே ஆக வேண்டும். காலையில் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைப்பது யார்? எடைமேடை துரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பதினோரு படியாம்மா? எனக்கு முட்டி வலி, ஏற முடியாது."

உண்மையிலேயே பதினோரு படிதான். ஒரு தாளில் தமிழில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருந்தாள்.

"நீங்கதான் அத்தை. தினம் ஆபீஸ் கூட்டித் துடைக்கிறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

நான் வேகமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. ஒரு பந்தின்னு நெனச்சுக்குங்க. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள அஞ்சு பேர் இருக்காங்க. நடுவுல ஒருத்தர் சோத்து வாளியோட நிக்கிறார். சுத்தி நாலு பேர் சாப்பிடுறவங்க: முன்வாசல், பின்வாசல், போன், பலகை. இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்க. என்ன வேணும்னாலும் வாளிக்காரரைத்தான் கேப்பாங்க. நம்பர் எல்லாம் வாளியிலதான் இருக்கு. தாள்ல இருக்கிற வரிசை மட்டும் மாறக் கூடாது, சரியா?"

சரி என்று தலையாட்டினேன். வினை அந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பந்தி பற்றி எனக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சோற்று வாளி என்னிடம்தான் தருவார்கள். பந்தியில் நின்று ஊர்க்கதை பேசாத ஒரே பொம்பளை நான் என்பதால். முப்பது வருட வாளி அனுபவத்தில் நான் கண்ட சட்டம் ஒன்று உண்டு: கடைசி ஆள் உட்காரும்வரை வாளி வெளியே வரக் கூடாது. வந்தால் முதலில் உட்கார்ந்தவன் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கடைசி ஆளுக்கு இலையே விழுந்திருக்காது.

அன்று காலை ஆறே முக்காலுக்கு ஆபீசைத் திறந்து, மேசையைத் துடைத்து, தாளைப் படித்தேன். நான்காம் படி வரை ஒழுங்காக வந்தேன். ஐந்தாவதில் நின்றுவிட்டேன். "முதலில் நடுவில் உள்ளவரைத் தொடங்கவும். பச்சையில் தயார் என்று வரும்வரை அரை நிமிடம் பொறுக்கவும். பிறகு மற்ற நால்வரையும் ஒவ்வொருவராக."

இது என்ன கூத்து? காலி மண்டபத்தில் ஒருத்தர் வாளியோடு அரை நிமிடம் நிற்பதா? கார்த்திகா டவுனில் வளர்ந்த பெண். பந்தியில் உட்கார்ந்துதான் பழக்கம், பரிமாறிப் பழக்கமில்லை. பாவம், தெரியாமல் எழுதிவிட்டது. நாம் சரி செய்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன்.

முன்வாசல், பின்வாசல், போன், பலகை. நான்கு பொத்தான்களையும் ஒரே மூச்சில் அமுக்கினேன். (உட்காருங்க, உட்காருங்க, தள்ளி உட்காருங்க, நீங்களும் உட்காருங்க.) எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அதன் பிறகு வாளிக்காரரை அழைத்தேன்.

பச்சையில் தயார் வரவில்லை. சிவப்பில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷில் தயார் என்பதைச் சிவப்பில் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று தீர்மானித்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டேன். (இந்த மூளையை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்போடு எப்படி நின்றேன் என்று இன்றுவரை புரியவில்லை.)

கிளம்பும்போதே ஆபீசில் போன் 'டிங்' என்றது. யாரோ பதிகிறார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் ஒரு டிராக்டர். கட்டைவிரலில் துணி சுற்றிய கால் ஒன்று இறங்கிச் சீட்டு வாங்கியது. அடுத்து பின்வாசலில் மினி லாரி. அதிலிருந்து இறங்கியவை சேறு காயாத வெறுங்கால்கள். சந்தோஷமாகக் களத்தைக் கூட்டினேன்.

கொட்டகை திறக்கும் எட்டு மணி வாக்கில் கிழக்கே வானம் கறுத்தது. அறுவடை நேரத்து மழை எங்களுக்கு எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தார்ப்பாய் போட்டிருந்தாலும் மூட்டை அடியில் நனைந்தால் நெல் முளைத்துவிடும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டகையை நோக்கி வண்டியை எடுத்தார்கள்.

"யோவ், எங்க வர்ற? நான்தான் ஒண்ணாம் நம்பர்!" இது முன்வாசல் டிராக்டர் கலியமூர்த்தி. குரலைக் கேட்டாலே தெரியும், மைக் இல்லாமல் கூட்டம் நடத்தக்கூடியவர்.

"அண்ணே, நல்லா பாருங்கண்ணே. எஞ்சீட்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு." இது மினி லாரி செல்லக்கண்ணு, குத்தகைக்கு நிலம் பார்ப்பவர்.

"எப்படிய்யா ரெண்டு பேருக்கு ஒண்ணு வரும்? கள்ளச் சீட்டு அடிச்சியா?"

"நம்பரை நான் எங்கண்ணே அடிக்கிறது? வீட்ல அரிசி பானையத் தவிர எந்த மிசினும் கிடையாது."

அதற்குள் மூன்றாவதாக ஒரு வண்டி ஹாரன் அடித்தது. நாகூரில் கடையும் எங்கள் பக்கம் நிலமும் வைத்திருக்கும் நூருதீன் பாய். அவர் கலியமூர்த்தியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். "காலங்காத்தால பதிஞ்சிருக்கேன். இதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

கலியமூர்த்தி படித்தார். "ஒண்ணு."

மூன்று பேரும் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள். பலகை தன் பாட்டுக்கு, 'நம்பர் ஒன்று, வாங்க' என்று எரிந்துகொண்டிருந்தது. மூன்று பேரையும் மரியாதையாகத்தான் அழைத்தது. இவர்களுக்குப் பின்னால் மூன்று இரண்டாம் நம்பர்களும் சேர ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரிடமும் சீட்டு இருந்ததால் எல்லாரிடமும் நியாயம் இருந்தது. நோட்டுப் புத்தகக் காலத்தில்கூட இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை.

முதலாளி வந்தார். "துரை, இன்னிக்குக் கம்ப்யூட்டரை யாருய்யா போட்டது?"

துரை என்னைப் பார்த்தார். அவர் யாரைப் பார்க்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

முதல் தூறல் விழுந்தது. முதலாளி கலியமூர்த்தியின் சீட்டை வாங்கிக் கசக்கினார். "போதும்ப்பா. சீட்டையெல்லாம் தூக்கி எறிங்க. நோட்டை எடுத்துட்டு வா துரை. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன், அது மெட்ராசுக்கே போகட்டும்."

போகட்டும் என்ற அந்தச் சொல்தான். அதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, என் தொண்டை செய்தது. எடைமேடை மேல் ஏறி நின்றேன்.

"பாய் முதல்ல!"

களத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நானே பயந்துபோனேன். ஆனால் நிறுத்த முடியவில்லை.

"பாய் பதிஞ்சப்ப ஆபீஸ் போன் மணி அடிச்சுது, நான் கேட்டேன்! அடுத்தது கட்டைவெரல்ல துணி சுத்தினவங்க! அதுக்கப்பறம் சேத்துக்கால்! அதுக்கப்பறம் பச்சை ரப்பர் செருப்பு! அப்பறம் வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு! கடைசியா ஒத்தக் கால்ல கறுப்புக் கயிறு கட்டினவங்க!"

ஆறு ஆண்களும் குனிந்து தங்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அடுத்து பக்கத்து ஆளின் காலைப் பார்த்தார்கள்.

"ஊக்கு யாருப்பா? நீயா? அப்ப எனக்குப் பின்னால போ," என்றது பச்சை ரப்பர் செருப்பு.

கலியமூர்த்தி தன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரிதான்யா. நான் வர்றதுக்கு முன்னாடியே பாய் பதிஞ்சிருக்கார். பாய், நீங்க எடுங்க." அவர் டிராக்டரைப் பின்னால் எடுத்ததும் மற்றவர்களும் ஒதுங்கினார்கள். பாய் வண்டி கொட்டகைக்குள் போனது. மழை நன்றாகப் பிடிப்பதற்குள் ஆறு வண்டியும் இறங்கிவிட்டது. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

நான் மட்டும் இன்னும் எடைமேடை மேலேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்கத் தெரியவில்லை. முதலாளி கிட்டே வந்து, எடை காட்டும் முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் மருமக எழுதினது சரியா இருக்குங்க," என்றேன். குரல் மறுபடியும் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. "நான்தான் வரிசைய மாத்திட்டேன். தப்பு எம்மேலங்க. அவளப் போகச் சொல்லாதீங்க."

"முப்பது வருஷமா எங்கம்மா வச்சிருந்தே அந்தக் கொரல?" என்றார் அவர். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மதியம் கார்த்திகா வந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. நான் நடந்ததை முழுதாகச் சொன்னேன், கடைசி ஆள் உட்காரும்வரை வாளி வெளியே வரக் கூடாது என்ற சட்டம் உட்பட. அவள் திட்டவில்லை. கறுப்புத் திரையில் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, உள்ள நாலு வாளிக்காரங்க நிக்கிறாங்க."

"நாலா? ஒருத்தரைத்தானே கூப்புட்டேன்?"

"நீங்க கூப்பிட்டவர் உள்ளயே வரல. அந்தச் செவப்பு எழுத்து அதான்: 'இங்க ஏற்கெனவே ஆள் இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எழுத ஆரம்பிச்ச புதுசுல, சோதிச்சுப் பாக்க வசதியா இருக்கட்டும்னு, 'வாளிக்காரர் இல்லேன்னா நீயே ஒருத்தரைக் கூப்ட்டுக்க'ன்னு நாலு பேருக்கும் எழுதி வச்சிருந்தேன். அவர் தயாராகி வர அரை நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க நாலு பேரையும் உக்கார வச்சிட்டீங்க. ஒவ்வொருத்தரும் 'ஆளைக் காணுமே'ன்னு ஆளுக்கு ஒருத்தரைக் கூப்ட்டுக்கிட்டாங்க. நாலு வாளி, நாலு ஒண்ணாம் நம்பர். பலகைக்கும் தனி வாளி. அதான் அது கடைசி வரைக்கும் ஒண்ணையே காட்டிக்கிட்டு நின்னுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கெடுத்துட்டேனே கார்த்தி."

"இல்ல அத்தை. ஒரே சமாச்சாரத்தை நாலு எடத்துல நாலு விதமா எழுதி, அது மோதிக்காம இருக்கப் பதினோரு படி போட்டு, அதையும் ஒரு தாளை நம்பி விட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. இன்னிக்கு இல்லேன்னா ஒரு நாள் கரண்டு போய் வந்தாலே இது நடந்திருக்கும். யார் முன்ன உக்காந்தாலும், யார் பின்ன வந்தாலும், சோறு ஒரே வாளியிலேருந்து வரணும்."

அடுத்த இரண்டு நாள் அவள் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தாள். கம்ப்யூட்டர் வேலை என்றால் எழுதுவது என்று நினைத்திருந்தேன். அவள் அழித்துக்கொண்டே இருந்தாள். திரையில் எழுத்துகள் குறையக் குறைய அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு சின்னத் துண்டுதான் மிச்சம். முதலில் வருகிறவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாளிக்காரரை அழைக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, அவர் தயாராகும்வரை வாசலில் பொறுமையாக நிற்க வேண்டும். அவ்வளவுதான். பதினோரு படித் தாளைக் கிழித்துப் பேத்தியிடம் கப்பல் செய்யக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் காட்டினாள். இனி எந்தப் பொத்தானை முதலில் அமுக்கினாலும் சரி என்றாள். அவர் அவளைத் தொட விடவில்லை.

"இந்தம்மா போடட்டும். தலைகீழா போடட்டும்."

போட்டேன். பின்னாலிருந்து முன்னால் போட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கினேன். ஒன்றையே இரண்டு தடவை அமுக்கினேன். பாதியில் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். (இதை யாரும் சொல்லவில்லை, ஒரு வேகத்தில் வந்துவிட்டது.) ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் கழித்து, பச்சையில், தமிழில், ஒரே ஒரு வரி வந்தது: 'எல்லாரும் உட்கார்ந்தாச்சு.'

முதலாளி முன்வாசலில் ஒரு சீட்டு, பின்வாசலில் ஒரு சீட்டு எடுத்துவரச் சொன்னார். ஒன்று. இரண்டு.

"இந்தம்மா கையில கெடலேன்னா வேற எவன் கையிலயும் கெடாது," என்றார். "மத்த மூணு மில்லுக்கும் போடும்மா."

கார்த்திகா அன்றே சென்னைக் கம்பெனிக்கு எழுதிவிட்டாள், வரவில்லை என்று. பேத்தி இங்கேதான் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

எனக்கும் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. புது மில்லில் புரோகிராம் போட்டால், என்னைக் காரில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "எங்கே, கெடுங்கம்மா பாப்போம்" என்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு என்னால் முடிந்தவரை கெடுத்துப் பார்க்கிறேன். சாயந்திரம் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டதும் முதல் கேள்வி, "அம்மா, இன்னிக்கு எத்தனை ஒண்ணாம் நம்பர்?" பின்னால் அந்த ஐந்து பேர் சிரிப்பதும் கேட்கும்.

போன ஆவணியில் சம்பந்தி வீட்டில் ஒரு கல்யாணம். வழக்கம்போல சோற்று வாளி என் கையில். நான் வெளியே வந்ததுதான் தாமதம், கண் ஆபரேஷன் முடிந்து இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிற சம்பந்தி, இலை முன்னால் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"சம்பந்தியம்மா, நான்தான் ஒண்ணாம் நம்பர்!"

பந்தி முழுக்கக் கை தூக்கியது. "நாங்களும்!"

எதிர்வரிசையில் பாதி இலைகளுக்கு முன்னால் இன்னும் ஆள் உட்காரவில்லை. இப்போதெல்லாம் நான் முதலிலேயே வந்து நின்றுவிடுவேன், வாளியோடு. எல்லாரும் உட்கார அரை நிமிடம்தான் ஆகிறது.